மேசைக்கு அடியில் இருக்கும் கூடை



வாரந்தோறும் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிவருகிறேன். கடந்த சில மாதங்களில் எழுதிய தியானங்களில் தவறு ஏதும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆயினும் அவற்றில் ஒவ்வொன்றும் வேறொன்றை எழுதாமல் தள்ளிப்போடுவதற்காக எழுதப்பட்டது என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். எழுத வேண்டியது இதுதான். இதில் வரும் சகோதரி நம் சபையைச் சேர்ந்தவர். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “என் பேரை மட்டும் போடாதீங்க ஐயா. மத்ததெல்லாம் எழுதுங்க. எழுதினாத்தான் நாலு பேர் பாத்துப் போடுவாங்க” என்றார்.

நகரத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகத்தில் புதன்கிழமை தோறும் நண்பகலில் ஒரு சிறிய ஜெபக்கூடுகை நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேராசிரியர்கள் சிலர், அலுவலகப் பணியாளர்கள் சிலர், ஆய்வு மாணவர் இரண்டு மூன்று பேர் கூடுவார்கள். உணவு இடைவேளையில் அரைமணி நேரம், இரண்டு பாடல்கள், ஒரு வேதபாடம், ஜெபம், பிறகு தேநீர். பாடல்களை அரைத்தாளில் அச்சிட்டுக் கொடுப்போம். கூட்டம் முடிந்தபின் இரண்டாம் மாடியில் உள்ள ஒரு பேராசிரியரின் அறையில் நான் மதிய உணவு உண்பது வழக்கம்.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். பேனாவைப் போன்ற கருவி அது. அதன் நுனியில் நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறிய ஊசியைத் திருகிப் பொருத்தி, குத்திக்கொண்டபின் கழற்றி எறிந்துவிட வேண்டும். அந்தப் புதன்கிழமையும் அப்படியே செய்தேன். ஊசியைக் கழற்றும்போது கைப்பேசி ஒலித்தது. மூடியைத் தேடப் பொறுமையில்லை. சட்டைப்பையில் இருந்த பாட்டுத்தாளில் ஊசியைச் சுற்றி, மேசைக்கு அடியில் இருந்த கூடையில் போட்டேன். சுற்றிப் போட்டதில் ஒரு திருப்திகூட இருந்தது. ஒழுங்காகப் போட்டோம் என்ற திருப்தி.

அந்த அறைக்கு வெளியே நடைகூடத்தில் பச்சையும் நீலமுமாக இரண்டு தொட்டிகள் நிற்கின்றன. பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. சுவரில் படம் போட்டு விளக்கியும் இருக்கிறார்கள். ஆனால் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறவர்களே, உங்களுக்கு இது தெரியும். குப்பை நடைகூடத்தில் உண்டாவதில்லை. மேசையில் உண்டாகிறது. மேசைக்கு அடியில் இருப்பது ஒரே கூடை. தேநீர்க் குவளையும் கிழித்த கடிதமும் வாழைப்பழத் தோலும் தீர்ந்துபோன பேனாவும் அந்த ஒரே கூடையில்தான் விழுகின்றன. அதிலிருந்து ஒரே கறுப்புப் பைக்குப் போகின்றன. நடைகூடத்துத் தொட்டிகள் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கின்றன.

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து ஜெபிக்கும்படி முன்னால் வந்தவர்களில் அந்த அம்மாவும் இருந்தார். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எனக்கு அது முன்பே தெரியும். ஆனால் அங்கே அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்கவில்லை என்பதே சரி.

“ஐயா, புதன்கிழமை குப்பை பிரிக்கையில கையில ஊசி குத்திடுச்சு. யாரு போட்ட ஊசின்னு தெரியல. பெரியாஸ்பத்திரியில எய்ட்ஸ் வராம இருக்க மாத்திரை குடுத்திருக்காங்க. அதைத் தின்னா ஒரே குமட்டலா வருது. பயமா இருக்குய்யா.”

எந்தக் குப்பையில் என்று கேட்டேன்.

“ரெண்டாம் மாடி, சாருங்க ரூம் குப்பை. ஒரு பாட்டுத்தாள்ல சுத்தியிருந்துச்சு.”

என் கை அவர் தலைமேல் இருந்தது. ஜெபித்தேன். அவருடைய சுகத்துக்காகவும் பயம் நீங்கவும் ஜெபித்தேன். அந்த ஜெபத்தில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் அந்த ஜெபத்துக்கு வரவேண்டிய பதில் அவர் தலைமேல் இருந்த கையிலேயே இருந்தது. அந்தக் கையை எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போனேன்.

ஆறு நாள் பேசாமல் இருந்தேன்.

அந்த ஆறு நாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டவற்றை இங்கே மறைக்கப் போவதில்லை. அந்தக் கட்டடத்தில் இன்சுலின் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றேன். மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்களே என்றேன். போதகர் போட்ட ஊசி என்று தெரிந்தால் விசுவாசிகளுக்கு இடறலாகும் என்றேன். இது கடைசியில் வந்தது. இதுவே மிகவும் பரிசுத்தமான தோற்றத்தோடு வந்தது. இறையியல் கல்லூரியில் நான் கற்றவற்றில் பெரும்பகுதி அந்த வாரம் எனக்குச் சாக்குச் சொல்லவே பயன்பட்டது.

ஊசி குத்தியவர்களுக்கு மருத்துவம் என்ன செய்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். குத்திய ஊசி யாருடையது என்று தெரியாவிட்டால், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளைக் கூடிய விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் கொடுக்கிறார்கள். மஞ்சள் காமாலை பி வகைக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். இரத்தத்தை உடனே ஒருமுறையும், வாரங்களும் மாதங்களும் கழித்து மறுபடியும் சோதிக்கிறார்கள். ஊசி யாருடையது என்று தெரிந்து, அவருடைய இரத்தத்தைச் சோதித்து, தொற்று இல்லை என்று கண்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம். அதாவது நான் ஞாயிற்றுக்கிழமையே வாயைத் திறந்திருந்தால், அவர் திங்கட்கிழமை அந்த மாத்திரைகளை நிறுத்தியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து ஞாயிறு. சனிக்கிழமை இரவு பிரசங்கக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் சொன்ன பகுதியை (மத்தேயு 5:23, 24) எத்தனையோ முறை உங்களுக்கு விளக்கியிருக்கிறேன். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்பதே அங்கே நிபந்தனை. அந்த அம்மாவுக்கு என்மேல் குறை எதுவும் இல்லை. குறை உண்டாவதற்கு வேண்டிய செய்தியை நான் அவரிடமிருந்து மறைத்து வைத்திருந்தேன். அவ்வளவுதான் வேறுபாடு. இரவு ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

வாசலில் வைத்தே சொல்லிவிட்டேன். உள்ளே போய் உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கூட்டத்துக்கு வர்றவுக யாரோன்னு நெனச்சேன். ஐயான்னு நெனைக்கல” என்றார். இன்னும் ஒன்று சொன்னார். பாட்டுத்தாளைப் பற்றி மேற்பார்வையாளரிடம் அவர் சொல்லவில்லையாம். “சொன்னா ஜெபக்கூட்டத்துக்குக் கெட்ட பேரு வரும். நிறுத்திப்புடுவாங்க.” சொல்லியிருந்தால் அன்றைக்கே விசாரித்து என்னைக் கண்டுபிடித்திருப்பார்கள். அவருக்கு மாத்திரையே தேவைப்பட்டிராது. நான் என் பெயரைக் காக்க மௌனமாயிருந்தேன். அவர் கர்த்தருடைய பெயர் என்று தாம் நினைத்த ஒன்றைக் காக்க மௌனமாயிருந்தார். இரண்டு மௌனத்துக்கும் விலை கொடுத்தவர் ஒருவரே.

செவிலியர் படிப்புப் படிக்கிற அவருடைய மகள் உள்ளே இருந்து வந்தாள். ஊசி குத்தின மறுநாள் தாயை மருத்துவமனைக்கு அழைத்துப் போனவள் அவள்தான். மேற்பார்வையாளர் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும் என்று அனுப்பிவிட்டிருந்தார். “ஆறு நாளாத் தெரியுமாய்யா உங்களுக்கு? அம்மா சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்துட்டு வேலைக்குப் போறாங்க” என்றாள். தாயார், “ஐயாகிட்ட அப்படிப் பேசாதடி” என்று அதட்டினார். நான் தடுத்தேன். அந்த வீட்டில் அன்று சரியாகப் பேசியவள் அந்தப் பிள்ளைதான். இன்றுவரை அவள் என்னோடு பழையபடி பேசுவதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் திருவிருந்தை நடத்திக் கொடுக்கும்படி ஓய்வுபெற்ற போதகர் ஒருவரைக் கேட்டுக்கொண்டு நான் சபையாரோடு உட்கார்ந்திருந்தேன். உடல்நலமில்லை என்று உங்களில் சிலர் நினைத்தீர்கள். நானும் திருத்தவில்லை. அதற்காகவும் மன்னியுங்கள். திங்கட்கிழமை மூவருமாக மருத்துவமனைக்குப் போனோம். என் இரத்தத்தைச் சோதித்தார்கள். தொற்று ஏதும் இல்லை. மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிட்டு, தடுப்பூசியை மட்டும் மீதித் தவணைகளையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, ஊசிகளை வழக்கமாக எங்கே போடுகிறீர்கள் என்று கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக இன்சுலின் போடுகிறேன். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

பிறனுக்குச் செய்த குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கவேண்டும் என்பது மோசேயின் நியாயப்பிரமாணம் (எண்ணாகமம் 5:7). மருத்துவமனைக்கு அலைந்ததில் அவர் இழந்த இரண்டு நாள் கூலியையும் அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கையும் கணக்கிட்டுக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். வசனத்தைச் சொன்னபின் வாங்கிக்கொண்டார். ஆறு நாள் பயத்துக்கு முதல் எவ்வளவு, ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

“காசு இருக்கட்டும்யா. ஒருநாள் வந்து நாங்க என்ன செய்றோம்னு பாருங்க” என்றார் அவர்.

போனேன். அதைத்தான் உங்களுக்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

உணவகத்துக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. காலை ஏழரைக்கெல்லாம் கறுப்புப் பைகள் வண்டியில் வந்து இறங்குகின்றன. நான்கு பெண்கள் சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பையை அவிழ்த்துக் கொட்டி, கையால் பிரிக்கிறார்கள். ஈரக் குப்பை ஒருபுறம், தாள் ஒருபுறம், அட்டை ஒருபுறம், பாட்டில், தகரம், கண்ணாடி. கையுறை இருக்கிறது. ஆனால் மெல்லியது. கட்டைவிரல் பக்கம் சீக்கிரம் கிழிந்துவிடுகிறதாம். மீன்பிடிக்கும் வலையைக் குறித்த உவமையில், கரையில் இழுத்த பின் மீனவர்கள் உட்கார்ந்து நல்லவைகளைக் கூடைகளில் சேர்த்தார்கள் என்று வாசிக்கிறோம் (மத்தேயு 13:48). அவர்கள் உட்கார்ந்தார்கள் என்பதை அங்கே நின்றபோதுதான் முதல்முறையாகக் கவனித்தேன். தரம் பிரிப்பது நின்றுகொண்டு செய்கிற வேலையல்ல.

அவர்களிடம் ஓர் அறிவு இருக்கிறது. துறையின் பெயரைக் கேட்காமலே, பை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். தேர்வுப் பிரிவிலிருந்து வரும் பையில் நூலும் அரக்கும் உறைகளும். நிர்வாக அலுவலகத்தில் தாள் அதிகம், ஆனால் அந்தத் தாளின்மேல் தேநீர். ஆய்வகங்களில் உடைந்த கண்ணாடி. ஒரு துறையின் பெயரைச் சொல்லி, “அவுக நல்லவுகய்யா, தாளைத் தனியாக் கட்டி வெப்பாங்க” என்றார்கள். அந்தத் துறையில் யார் இருக்கிறார், அவர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியாது. தாளைத் தனியாகக் கட்டி வைக்கிறவர் என்பது தெரியும்.

தாளைத் தனியாக வைப்பதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். உலர்ந்த வெள்ளைத்தாளைப் பழைய பேப்பர் வியாபாரி நல்ல விலைக்கு எடுக்கிறார். அது ஆலைக்குப் போய்க் கூழாகி மறுபடி தாளாகிறது. அதே தாளின்மேல் சாம்பாரோ எண்ணெயோ பட்டுவிட்டால் அவர் எடுப்பதில்லை. எண்ணெய் ஏறிய தாள் கூழைக் கெடுக்கும். ஒரு பை நல்ல தாளை வீணாக்க, மூடாமல் எறிந்த ஒரு குழம்புப் பொட்டலம் போதும். மாலை ஐந்து மணிக்குக் கூடையில் விழுகிற அந்தப் பொட்டலம், காலையில் கொட்டகைக்கு வந்து சேருவதற்குள் எல்லாத் தாளையும் நனைத்துவிடுகிறது.

தேநீர்க் குவளையைத் தாள் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் அதைக் கிழித்து உள்பக்கம் நகத்தால் உரித்துக் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் தோல் உரிந்து வந்தது. அந்தத் தோலுக்காக அதைத் தாளோடு சேர்க்க முடியாது. தாளுக்காகப் பிளாஸ்டிக்கோடும் சேர்க்க முடியாது. நம் மாநிலத்தில் 2019 சனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்ட பதினான்கு வகைப் பொருள்களில் இந்தப் பூச்சுள்ள தாள்குவளையும் ஒன்று. கொட்டகையில் அன்று அவை ஒரு குவியலாகக் கிடந்தன. நம் ஜெபக்கூடுகையின் குவளைகளும் அந்தக் குவியலில் சேருகிறவைதான் என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர் பாட்டிலும் அதன் மூடியும் ஒரே பிளாஸ்டிக் அல்ல என்பதும் எனக்குப் புதிது. மூடியைக் கழற்றி வேறாகப் போடுகிறார்கள். பிளாஸ்டிக்கின் வகையைக் கையால் கசக்கிச் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிக்கிறார்கள். முறுக்கு, சிப்ஸ் வருகிற பளபளப்பான பைகளை யாரும் வாங்குவதில்லை. பல அடுக்குகள் ஒட்டியிருப்பதால் பிரிக்க முடியாது. குழல்விளக்குக்குள் பாதரசம் உண்டு. அது உடைந்தால் விலகி நிற்க வேண்டும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. இவ்வளவும் அறிந்த பெண்களுக்கு அதுமட்டும் தெரிந்திருக்கவில்லை. இவர்களைச் சுற்றிலும் அதை அறிந்தவர்கள் நிறைந்த ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உண்டாக்குகிறவரே அதை உண்டாகும் இடத்தில் மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று வகுத்தன. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் நிறுவனங்களுக்குக் கூடுதல் பொறுப்பையும் வைத்தன. அந்த மூன்றாவது வகையின் பட்டியலில் குழல்விளக்கு, மின்கலம், காலாவதியான மருந்து இவற்றோடு பயன்படுத்திய ஊசியும் இருந்தது. பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் எங்கும் பார்க்கிறோம். மூன்றாவது தொட்டியை எத்தனை இடத்தில் பார்த்திருக்கிறீர்கள்? என் ஊசிக்கு உரிய இடம் அந்த வளாகத்தில் இல்லை என்பது மெய். ஆனால் நான் தேடவும் இல்லை என்பது அதைவிட மெய்.

கொட்டகையிலிருந்து திரும்பி வந்த இரவு உபாகமம் 23ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். ஆலயத்தில் நாம் அதிகம் வாசிக்காத பகுதி. இஸ்ரவேலர் பாளயம் இறங்கும்போது, மலஜலத்துக்குப் பாளயத்துக்கு வெளியே போகவேண்டும். ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடு ஒரு சிறுகோலையும் வைத்திருந்து, மண்ணைத் தோண்டி, தன்னுடையதைத் தானே மூடிவிட வேண்டும். காரணம், கர்த்தர் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறார். சுத்தத்துக்கும் தேவபிரசன்னத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இந்தப் பகுதியில் நான் பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சிறுகோல் யாருடைய கையில் இருந்தது என்று கேட்டதில்லை.

அதே வனாந்தரத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வம்சம் நியமிக்கப்பட்டிருந்தது. பெட்டியையும் மேசையையும் சுமக்கக் கோகாத்தியர். திரைகளுக்குக் கெர்சோனியர். பலகைகளுக்கும் தூண்களுக்கும் மெராரியர். ஆசாரியத்துவத்துக்கு ஆரோன் வீட்டார். எண்ணாகமம் மூன்றாம், நான்காம் அதிகாரங்கள் முழுவதும் இந்தப் பட்டியல்தான். ஆனால் பிறருடைய அழுக்கை அள்ளுவதற்கென்று ஒரு வம்சம் அங்கே நியமிக்கப்படவில்லை. அந்த ஒன்றைமட்டும் கர்த்தர் எவருடைய பரம்பரைத் தொழிலாகவும் வைக்கவில்லை. பட்டயம் பிடிக்கிறவன் இடுப்பிலேயே அதற்கான கோலையும் செருகி வைத்தார். நம் நாட்டில் அப்படியில்லை. யாருடைய குப்பையை யாருடைய கை தொடவேண்டும் என்பதைச் சாதி நெடுங்காலமாகத் தீர்மானித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தம், மேற்பார்வையாளர், சீருடை என்று சொற்கள் மாறியிருக்கின்றன. கொட்டகையில் உட்கார்ந்திருந்த நால்வரும் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்பது இந்த ஊரில் வளர்ந்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் நம் பந்தியில் நம்மோடு ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறவர்.

எளியவனைக் குப்பையிலிருந்து கர்த்தர் உயர்த்துகிறார் என்று 113ஆம் சங்கீதத்தில் வாசித்து மகிழ்கிறோம். ஓர் எளியவரின் கையைக் குப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிட்டு, அந்தச் சங்கீதத்தை அவரையே வாசிக்கச் சொன்ன ஞாயிறுகளும் நமக்கு உண்டு.

நெகேமியாவின் புத்தகத்தில் எருசலேமின் அலங்கத்தைக் கட்டியவர்களின் பட்டியல் இருக்கிறது. பெயர்கள் மிகுதியாக வருவதால் அவசரமாகக் கடந்துபோகிற அதிகாரம். அதில் குப்பைமேட்டு வாசலைக் கட்டியவன் யார் என்று பாருங்கள் (3:14). ரெக்காபின் குமாரன் மல்கியா. ஒரு மாகாணத்துப் பிரபு. நகரத்தின் கழிவெல்லாம் வெளியேறுகிற வாசலுக்கு ஒரு பிரபு கதவும் பூட்டும் தாழ்ப்பாளும் போட்டான். அதே அதிகாரத்தில் சற்று முன்னால் (3:5), தெக்கோவா ஊராரின் பெரியமனிதர்கள் வேலைக்குக் கழுத்தை வளைக்கவில்லை என்று ஒரு வரியும் இருக்கிறது. இருவகையாரையும் வேதம் ஒரே பட்டியலில் வைத்திருக்கிறது.

பல்கலைக்கழகத்தில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதன்கிழமைக் கூடுகையில் எல்லாவற்றையும் சொன்னேன். சிலருக்குச் சங்கடமாக இருந்தது. அந்த இரண்டாம் மாடிப் பேராசிரியர் அன்றே தம் மேசைக்கு அடியில் இருந்த கூடையை எடுத்துவிட்டார். இப்போது அவர் அறையில் தாளுக்கு ஓர் அட்டைப்பெட்டி மட்டும் இருக்கிறது. மற்றதற்கு எழுந்து நடைகூடத்துக்குப் போக வேண்டும். எழுந்து போவது அலுப்பாக இருப்பதால் தம் குப்பை பாதியாகக் குறைந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மாடியில் இன்னும் ஐந்து அறைகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். கூடுகைக்கு எவர்சில்வர் தம்ளர்கள் வாங்கினோம். கழுவுவது முறை வைத்து. என் முறை மாதத்தின் முதல் புதன். பச்சைக்கும் நீலத்துக்கும் தனித்தனி நிறப் பைகள் வேண்டும், கெட்டியான கையுறை வேண்டும் என்று கூடுகையிலிருந்து எழுதிக் கொடுத்தோம். கையுறை வந்தது. பைகள் இன்னும் ஒரே கறுப்புத்தான். பிரித்துப் போட்டதும் வண்டியில் ஏறும்போது மறுபடி ஒன்றாகிவிடுகிறது என்று அந்த அம்மா சொல்கிறார். அதனால் அறைகளில் பிரித்த தாளை மட்டும் வண்டியில் ஏற்றாமல் அவர்களே கையில் எடுத்துப் போகிறார்கள்.

நம் சபையைச் சேர்ந்த ஒருவர், அங்கே நல்ல பொறுப்பில் இருப்பவர், என்னைத் தனியே அழைத்து, “ஐயா, அதுக்குத்தான் ஆள் வெச்சு சம்பளம் குடுக்கிறாங்களே. நாமளும் பிரிச்சுட்டா அவங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். அவர் கெட்டவர் அல்லர். மனம் கலங்கித்தான் கேட்டார். அவரைக் கொட்டகைக்கு ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அழைத்திருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மருத்துவர் எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். மருத்துவமனைகளில் ஊசிகளைக் குத்தித் துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் மட்டுமே போடவேண்டும் என்று விதி உண்டு. வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்குக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்று போதும். ஊசியை அதில் போட்டு மூடியைத் திருகி வையுங்கள். தாளில் சுற்றாதீர்கள், சுற்றினால் அது கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். நான் இப்போது பையில் ஒரு சிறு புட்டியைக் கொண்டுபோகிறேன். ஆலய அலுவலக அறையிலும், அலமாரியின் கீழ்த்தட்டில், சிவப்பு மையில் எழுதி ஒரு பெரிய புட்டி வைத்திருக்கிறோம். உங்கள் ஊசிகளை ஞாயிறுதோறும் அதில் கொண்டுவந்து போடலாம். மிஷன் மருத்துவமனையில் அதை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் நானே எடுத்துப் போகிறேன்.

அந்தப் புட்டியை வைத்தபோது, நம் சபையில் நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான் அதைப் பயன்படுத்துவோம் என்று எண்ணினேன். முதல் மாதக் கடைசியில் திறந்து பார்த்தேன். முக்கால் பாகம் நிறைந்திருந்தது. இதற்கு முன் இவையெல்லாம் எங்கே போய்க்கொண்டிருந்தன என்று சபைக் குழுவில் கேட்டேன். பதினோரு பேர் இருந்தோம். ஒருவரும் பேசவில்லை.